இராசமணி பெயர் வைக்க முந்தி

நயினாதீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த இராசமணிக்கு ஊரில் ஓர் அதிகாரம் இருந்தது. அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, யாராலும் பறிக்கவும் முடியவில்லை. அவர் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்தால் அது ஒட்டிவிடும். படகு புறப்படும்போது ஊதத் தொடங்கி, மூச்சு முட்டிப் பாதியில் நிறுத்திவிடும் படகுக்காரர் 'அரைவிசில்' ஆனார். எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு எதையும் செய்யாத கிராம அலுவலர் 'ஓமோம்'. எந்தச் சுவரையும் சொன்ன நாளில் கட்டி முடிக்காத மேசன் 'நாளைக்கு'. அந்த மேசனின் மகளுக்குக் கலியாணம் பேசி வேலணையிலிருந்து வந்தவர்கள், இறங்குதுறையில் நின்று "நாளைக்கு வீடு எங்கை?" என்று கேட்டிருக்கிறார்கள். "நாளைக்கும் அங்கைதான் இருக்கும்" என்று கையைக் காட்டியவர் இராசமணியேதான்.

கிளாசைக் கழுவிக்கொண்டே அவர் ஓர் ஆளைப் பார்ப்பார். இரண்டாம் தரம் பார்க்க மாட்டார். அதற்குள் பெயர் வந்துவிடும். அதன் பிறகு அந்த ஆளைப் பார்க்கவேண்டிய தேவையே அவருக்கு இருப்பதில்லை. பெயரே போதும்.

கலியாணம் முடித்த கையோடு குருநாகலுக்குப் போனவர் அவர். கணவர் ஐயாத்துரைக்கு அங்கே சுருட்டுக்கடை இருந்தது. கடை மேசைக்குப் பின்னால் நின்றே சிங்களம் பழகினார். விலை சொல்ல, சண்டை பிடிக்க, சமாதானம் பேச, செத்த வீட்டில் ஆறுதல் சொல்ல அந்தச் சிங்களம் போதுமாக இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தபோது உடுத்திருந்த உடுப்போடு இரண்டு பேரும் ஊருக்கு வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றாறில், பாதையெல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில், ஐயாத்துரை காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இராசமணி தேத்தண்ணிக்கடை போட்டார்.

சமாதான ஒப்பந்தம் வந்து கண்டி வீதி திறந்ததும், தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர்கள் வரத் தொடங்கினார்கள். தீவின் புத்த விகாரையைக் கும்பிட வந்தவர்கள் அம்மன் கோயிலுக்கும் போனார்கள். இரண்டுக்கும் நடுவில், தங்கள் மொழியில் "வெயில் அதிகமோ?" என்று விசாரிக்கும் ஒரு கடைக்காரியைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்தார்கள். இராசமணியின் கடைக்கு, உட்கார இரண்டு புது வாங்குகள் வந்தன.

2003 ஆடியில், பிக்குமார் வெளியே அலையாமல் ஓரிடத்தில் தங்கும் வஸ் காலத்துக்காக, சுதம்ம தேரர் என்றொருவர் விகாரைக்கு வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முன்பு ஏதோ பல்கலைக்கழகத்தில் பௌத்த தத்துவம் படிப்பித்தவராம். காற்றும் கடலும் பிடித்துப்போய், வஸ் முடிந்த பிறகும் அவர் போகவில்லை. பின்னேரங்களில் இராசமணியின் கடைக்கு வந்து, ஒரு துண்டு பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி குடிப்பார்.

அவருக்குப் பெயர் வைக்க இராசமணியால் ஏலாமல் போனது.

முயற்சிக்காமல் விட்டார் என்றில்லை. மொட்டந்தலையைப் பார்த்து முதலில் 'விளாம்பழம்' என்று வைத்தார். நல்ல பெயர்தான், பொருந்தவும் செய்தது. ஆனால் பிக்குவுக்கு அது எப்படியோ காதில் விழுந்து, அதற்கு என்ன அர்த்தம் என்று நேரே வந்து கேட்டார். இராசமணி வேறு வழியில்லாமல் சொன்னார். பிக்கு தலையைத் தடவிப் பார்த்து, விளாம்பழம் தனக்கு மிகவும் பிடித்த பழம் என்று சந்தோஷப்பட்டார். அடுத்த நாளே பெயர் செத்துவிட்டது. கொஞ்சமாவது குத்துப்படாத ஆளில் பெயர் ஒட்டாது என்பது அப்போதுதான் இராசமணிக்கு விளங்கியது. பிறகு, சத்தமில்லாமல் நடந்து வருகிறாரே என்று 'பூனை' என்றார். அன்றைக்கே பிக்கு இறங்குதுறைப் பாசியில் வழுக்கி, குடையும் தானுமாக ஊரே கேட்கும்படி விழுந்தார். அரைவிசிலும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிவிட்டார்கள். பூனையும் போய்விட்டது.

"எனக்கு ஏன் இவ்வளவு அவசரமாகப் பெயர் தேடுகிறீர்கள்?" என்று ஒருநாள் பிக்கு சிங்களத்தில் கேட்டார்.

பெயரில்லாமல் ஓர் ஆளை எப்படிப் பார்ப்பது என்று இராசமணி திருப்பிக் கேட்டார்.

பிக்கு கிளாசை வைத்துவிட்டு யோசித்தார். விளாம்பழம் என்று சொன்னீர்களே, அன்றைக்கு முதலில் கண்டது என் தலையையா, பழத்தையா என்றார். தலையைத்தான் என்றார் இராசமணி. அப்படியென்றால் பழம் வருவதற்கு முன்னால், தலையை மட்டும் கண்ட ஒரு கணம் இருந்திருக்க வேண்டுமே, அது எப்படி இருந்தது என்றார் பிக்கு. இராசமணிக்குக் கோபம் வந்தது. அதை யார் கண்டது, பார்க்கத் தொடங்கவே பழம் வந்துவிட்டதே என்றார்.

அந்த நேரம் அம்மன் கோயிலில் சங்கு ஊதினார்கள். பிக்கு விரலைத் தூக்கினார். முதலில் காதில் விழுவது ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்ததாக 'சங்கு' என்று வருகிறது. அதற்கடுத்து, 'இது புதிதாகப் பழகுகிற பெடியன், மூச்சுப் போதாது' என்று வருகிறது. பின்னால் வந்த இரண்டையும் நாங்கள்தான் வைத்தோம். முதலாவதை யாரும் வைக்கவில்லை. எங்களுடைய பழைய ஆசிரியர்கள் அந்த முதலாவதைத்தான் காட்சி என்றார்கள், கற்பனை கலக்காதது என்றார்கள். இந்த இடத்தில், இந்தக் கணத்தில் உள்ள இந்த ஒன்றை மட்டுமே அது அறியும். பெயரோ வேறு எத்தனையோ பொருள்களுக்கு வைத்த பெயர். அங்கிருந்து எடுத்து வந்து இதிலே போர்த்துகிறோம்.

"அப்ப பார்வை புதுச் சாமான், பெயர் பழைய சாமான்" என்றார் இராசமணி, தனக்கே சொல்வது போல. பிறகு அதையே சிங்களத்தில் சொன்னார். பிக்கு சத்தம் போட்டுச் சிரித்தார்.

இதையெல்லாம் பக்கத்து வாங்கிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சிவகுரு. ஓய்வுபெற்ற ஆசிரியர். பேச்சில் 'மேலும்' என்ற சொல் வராமல் மூன்று வசனம் தாண்ட மாட்டார். அதனால் இராசமணி அவருக்கு வைத்த பெயர் 'மேலும் மாஸ்ரர்'. சைவ சித்தாந்தம் ஊறிய மனிதர். சிங்களம் அறவே தெரியாது.

"இராசமணி, அவருக்குச் சொல்லும். இது எங்கடை சாத்திரத்திலையும் இருக்கு. நிர்விகற்பம், சவிகற்பம் எண்டு இரண்டு. மேலும், முதலாவதோடை நிண்டால் காணாது. குழந்தையும் நெருப்பைப் பார்க்குது. பார்த்து என்ன பிரயோசனம்? கையை வைச்சிடும். இரண்டாவது வந்தால்தான் அது அறிவு."

இராசமணி இதைக் கடைச் சிங்களத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நிர்விகற்பத்துக்கு அவரிடம் சொல் இருக்கவில்லை. 'பெயர் வைக்க முந்தின பார்வை' என்று சொன்னார். பிக்கு அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு நீளமாக மறுமொழி சொன்னார். சிவகுரு ஆவலோடு காத்திருந்தார்.

"இரண்டாவது பிழையில்லையாம், மாஸ்ரர். அது இல்லாமல் ஒரு தேத்தண்ணி கூட வாங்க ஏலாதாம். ஆனால் அது கணக்கப்பிள்ளையாம். தான்தான் முதலாளி எண்டு கதிரையிலை ஏறி இருக்கிறதுதான் பிழையாம்."

கணக்கப்பிள்ளையைப் பற்றி பிக்கு எதுவும் சொல்லவில்லை. அது குருநாகல் கடையிலிருந்து வந்தது. ஆனாலும் சிவகுரு அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் புதிய 'மேலும்'களோடு வந்தார். வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. இரண்டு அறிஞர்களும் ஒருவரையொருவர் மெச்சத் தொடங்கினார்கள். அவர்கள் மெச்சியதில் எவ்வளவு மற்றவர் சொன்னது, எவ்வளவு இராசமணி சொன்னது என்பது இன்றைக்கும் தெரியாது.

இந்த வழக்கினால் இராசமணிக்கு ஒரு தொந்தரவு பிடித்தது. அந்த முதலாவதைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். வருகிற படகைப் படகு என்று நினைக்காமல் பார்க்கப் போய் அடுப்பில் பாலைப் பொங்க விட்டார். கடையைச் சுற்றுகிற நாயை உற்றுப் பார்த்தார். பார்த்து முடியவில்லை, 'கள்ள நாய்' என்று வந்துவிட்டது. நாய் அன்றைக்கு எதையும் களவெடுக்கவில்லை, சும்மா படுத்திருந்தது. வடை கேட்ட யாத்திரிகர் ஒருவரின் முகத்தை ஒரு பெயரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றதில், அந்த மனிதர் பயந்து வடையை விட்டுவிட்டு எழுந்து போனார்.

"நான் போறதுக்கிடையிலை அவன் வந்து நிக்கிறான்" என்று பிக்குவிடம் முறையிட்டார். பெயரைத்தான் அவன் என்றார்.

துரத்த வேண்டாம் என்றார் பிக்கு. அவன் இரண்டாவதாக வந்தவன் என்பது தெரிந்தால் அதுவே போதும் என்றார். இராசமணிக்கு இது வேலைக்கு டிமிக்கி விடுகிறவன் சொல்லும் சமாதானம் மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் அம்மன் திருவிழாவுக்குச் சோளகக் காற்று பலமாக அடித்தது. குறிகட்டுவானிலிருந்து வந்த படகுகள் தண்ணீரை வாரி வாரி உள்ளே இறைத்துக்கொண்டு வந்தன. சனம் நனைந்து, தலை சுற்றி, வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கியது. ஒரு முற்பகல் இராசமணி கடை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது இறங்குதுறைப் படியில் ஒரு கையைக் கண்டார்.

தூணைப் பிடித்த கை. நரம்பு எழும்பிய, நனைந்த, நடுங்குகிற கை. அதற்குக் கீழே மடங்கத் தயங்குகிற முழங்கால், உப்புத் தண்ணீர் வடிகிற வேட்டிக் கரை. அவ்வளவுதான். இராசமணி எதையும் யோசிக்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆளின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றி, வாங்கில் இருத்தி, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பாதியில் நிறுத்தி, இரண்டு விரல்களின் புறத்தால் கண்களை ஒற்றினார்.

அந்த ஒற்றுதலில்தான் பெயர் வந்தது. வெங்காயம்.

அவர் ஆழ்வாப்பிள்ளை, ஐயாத்துரையின் தம்பி. எழுபத்தொன்பதில் அவருக்குக் கலியாணம் நடந்தபோது, மணவறையில் இருந்த மாப்பிள்ளையின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வடிந்தது. இரண்டு விரல்களின் புறத்தால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார், நிற்கவில்லை. கூட்டத்திலிருந்த அண்ணன் மனைவி இராசமணி, "வெங்காயம் உரிக்கிற மாதிரியெல்லோ இருக்கு" என்றார். சபை சிரித்தது. அன்றிலிருந்து ஆழ்வாப்பிள்ளை வெங்காயம் ஆனார். வவுனியாவுக்குப் போய்ப் புடைவைக்கடை திறந்தார். ஊரவர்கள் அதை வெங்காயக்கடை என்றார்கள். யாரோ ஒருவர் உண்மையாகவே சாக்கோடு போய் மொத்த விலை விசாரித்ததாகவும் கதை உண்டு. ஆழ்வாப்பிள்ளை இராசமணியோடு பேச்சை நிறுத்தினார். அண்ணனின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. அதன் பிறகு இராசமணியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இப்போது அந்த மனிதர் இராசமணியின் கடை வாங்கில், இராசமணியின் இஞ்சித் தேத்தண்ணியோடு. கிளாசில் பாதி மிச்சம் இருந்தது. அதையாவது பறித்து ஊற்றிவிடலாமோ என்று யோசித்ததாக இராசமணி பின்னர் தானே சொல்லியிருக்கிறார்.

ஆழ்வாப்பிள்ளையும் அடையாளம் கண்டுகொண்டார். எழும்பினார்.

"நான் கோயிலுக்கு வந்தனான்."

"கோயில் அங்காலை" என்றார் இராசமணி.

பின்னேரம் பிக்கு வந்ததும் இராசமணி சண்டைக்குப் போனார். உங்களுடைய இந்தப் பழக்கத்தால் பகையாளிக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டேன், தெரிந்திருந்தால் ஒரு சொட்டும் கொடுத்திருக்க மாட்டேன் என்றார். நடந்ததைப் பிக்கு முழுதாகக் கேட்டார். பகையாளிக்கா கொடுத்தீர்கள் என்றார். இல்லை, அந்தக் கைக்குக் கொடுத்தேன் என்றார் இராசமணி. அந்தக் கை யாருடையது என்றார் பிக்கு.

"அந்த நேரத்திலை அது ஒருத்தற்றையும் இல்லை" என்று இராசமணி தமிழிலேயே சொன்னார். பிக்கு மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. இதுவரை துரத்தித் துரத்திக் கிடைக்காதது, தேடாத நேரத்தில் வந்து வேலையும் செய்துவிட்டுப் போயிருக்கிறது என்பது இராசமணிக்கு ஒரு பக்கம் எரிச்சலாகவும் ஒரு பக்கம் புதினமாகவும் இருந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் காற்று இன்னும் ஏறியது. படகுகளை நிறுத்திவிட்டார்கள். வந்த சனம் தீவிலேயே மாட்டிக்கொண்டது. மடங்கள் நிரம்பிவிட்டன. சிவகுரு காற்றில் மடங்கிய குடையோடு ஓடிவந்து, ஆழ்வாப்பிள்ளை மடத்து வாசலில் ஈர வேட்டியோடு சுருண்டு கிடக்கிறார் என்றார். மேலும், அவருக்கு இருமல் என்றார். இராசமணி கொஞ்ச நேரம் கிளாஸ்களைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியவைதான். பிறகு, வீட்டில் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது, நான் சொன்னேன் என்று சொல்லத் தேவையில்லை என்றார்.

முதல் நாள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. "சாப்பாடு மேசையிலை கிடக்கு" என்று இராசமணி கதவுக்குச் சொன்னார். "கொத்தமல்லித் தண்ணி நல்லாயிருந்தது" என்று ஆழ்வாப்பிள்ளை முற்றத்து முருங்கைக்குச் சொன்னார். இரண்டாம் நாள் காலை இராசமணி குசினியில் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆழ்வாப்பிள்ளை வந்து எதிரே பலகையை இழுத்துப் போட்டு, ஒரு கத்தியை எடுத்து, தானும் உரிக்கத் தொடங்கினார். சின்ன வெங்காயம், புதுசு, காரம் அதிகம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருடைய கண்ணும் வடிந்தது. ஆழ்வாப்பிள்ளை இரண்டு விரல்களின் புறத்தால் ஒற்றினார். இராசமணிக்கு அடக்க முடியவில்லை. சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைச் சீறினார். ஆழ்வாப்பிள்ளையின் வாய் ஓரமும் அசைந்தது.

"தம்பி, அண்டைக்கு ஏன் அழுதனீர்?"

அவர் ஒரு வெங்காயத்தை முழுக்க உரித்து முடித்தார்.

"எனக்குத் தெரியாது, மச்சாள். ஓமப்புகை எண்டு ஐயர் சொன்னார். செத்த ஐயாவை நினைச்சு அழுகிறான் எண்டு அம்மா சொன்னா. பொம்பிளை பிடிக்கேல்லையாக்கும் எண்டு பொம்பிளை வீட்டுக்காரர் கதைச்சினம். நீங்கள் வெங்காயம் எண்டனீங்கள். எல்லாம் பிறகு வந்ததுதான். வரேக்கை அது சும்மா கண்ணீர். ஏனெண்டு நான் இப்பவும் தேடிப் பார்க்கிறனான். ஒண்டும் இல்லை."

இராசமணி கத்தியை வைத்துவிட்டார். இத்தனை வருடமாக அந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஒரு கோழைத்தனத்தைத்தான் அவர் பார்த்து வைத்திருந்தார். அதையும் தான்தான் வைத்தோமோ என்று முதன்முறையாகத் தோன்றியது.

ஆழ்வாப்பிள்ளை மற்றதையும் சொன்னார். பெயர் தனக்குப் பெரிதாக நோகவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை யாராவது வெங்காயம் என்று கூப்பிடும்போதும் மனைவி நிலாந்தினி திரும்பிப் பார்ப்பாளாம். என்னைப் பிடிக்காமல்தானே அழுதீர்கள் என்று அன்றிரவே கேட்டவள், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பெயர் அந்த நாளைச் செத்துப்போக விடவில்லை. அண்ணனின் செத்தவீட்டுக்கு வரத்தான் வெளிக்கிட்டாராம். வவுனியா இராணுவச் சாவடியில் பாஸ் இல்லை என்று திருப்பினார்கள். மறுநாளும் போய் நின்றிருக்கிறார். கடிதம் எழுத மனம் வரவில்லை, வெங்காயம் எழுதியிருக்கு என்று வாசிப்பார்கள் என்று விட்டுவிட்டாராம்.

இராசமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இம்முறை அது எதனால் வந்தது என்று கேட்க அங்கே வேறு யாரும் இல்லை.

"நிலாந்தினியை இஞ்சை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாரும். நான் சொல்லுறன்" என்றார்.

"நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் காணும், மச்சாள்."

இராசமணி கத்தியைத் திரும்பவும் எடுத்தார்.

காற்று இறங்கி முதல் படகு புறப்பட்டபோது, இராசமணி கடையைச் சாத்திவிட்டு இறங்குதுறைக்கு வந்தார். முழங்கால் ஏலாத மனிதர், மறுகரையில் பார்த்து இறக்கிவிடும்படி படகுக்காரரிடம் சொன்னார். "ஆர், எங்கடை வெங்காயத்தாரையோ?" என்றார் படகுக்காரர், அன்போடுதான். "அவர் ஆழ்வாப்பிள்ளை" என்றார் இராசமணி. படகுக்காரருக்கு விளங்கவில்லை. ஊரில் வேறு யாருக்கும்கூட விளங்கவில்லை. அதற்குப் பிறகு இராசமணி எத்தனையோ பேரைத் திருத்திப் பார்த்தார். வைத்தவர் அவர், கழற்றுவதற்கு அவரால் ஏலவில்லை. கடைசியில் ஆழ்வாப்பிள்ளையே தொலைபேசியில், விடுங்கள் மச்சாள், இனி அது என்னுடைய சாமான் என்றார்.

நிலாந்தினி அடுத்த வருடத் திருவிழாவுக்கு வந்தார். இராசமணி வாயைத் திறக்காமல் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார். இரண்டு பெண்களும் குசினியில் நெடுநேரம் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று வெளியே வரவில்லை. ஆழ்வாப்பிள்ளை வெளி வாங்கில் சிவகுருவிடம் மாட்டிக்கொண்டு, நிர்விகற்பம் பற்றி மத்தியானம் வரைக்கும் கேட்டார்.

சுதம்ம தேரர் அதற்கு முன்னரே கண்டிப் பக்கம் போய்விட்டார். 2006இல் பாதை திரும்பவும் பூட்டுப்பட்டது. யாத்திரிகர் வரத்து நின்றது. ஒரு வாங்கு உடைந்து விறகானது. இராசமணி கடையை விடவில்லை. கோயிலுக்கு வருகிறவர்களுக்கும், கடற்படைப் பெடியன்களுக்கும் தேத்தண்ணி ஊற்றினார். இரண்டு கண்ணிலும் வெண்படலம் வளர்ந்து, கிளாஸ் நிறைந்ததை விரலை விட்டுப் பார்க்கிற நிலை வந்தது. 2009 கடைசியில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள்.

மறுநாள் காலை கண்கட்டை அவிழ்த்தவள் ஜெனீற்றா என்ற தாதி. ஊர்காவற்றுறைப் பிள்ளை.

"கண்ணை மெல்லத் திறவுங்கோ அம்மா. என்ன தெரியுது?"

இராசமணி திறந்தார். வெள்ளையாக ஏதோ. அதன் ஓரம் மெல்ல எழும்பி, கொஞ்சம் நின்று, தணிந்தது. நடுவில் வெளிச்சம் ஊறி ஊறி வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாதிக்குப் பயம் பிடித்தது. "அம்மா, ஒண்டும் தெரியேல்லையோ? இது எத்தினை விரல்?"

"கொஞ்சம் பொறும் பிள்ளை" என்றார் இராசமணி. "நல்ல வடிவாய்த் தெரியுது. இன்னும் ஒண்டும் ஆகேல்லை."

ஜெனீற்றா டொக்டரைக் கூப்பிட ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் அது யன்னல் சீலையாகிவிட்டது. பரவாயில்லை, நல்ல சீலைதான். கீழ் மூலையில் கொஞ்சம் தையல் விட்டிருந்தது.